இங்கிலாந்தில் டீச்சர் பயிற்சிக்கு அப்ளை பண்ணும் அரசுத் தளம்: பயன்படுத்திய அனுபவம்

நான் பாடம் எடுக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களில் ஏழெட்டுப் பேராவது இதுவரை என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "நீங்க எப்படி அப்ளை பண்ணீங்க, இந்தியாவுல படிச்ச டிகிரியை ஒத்துக்கிட்டாங்களா?" ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதிய பதில்களை எல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நான் பயன்படுத்தியது கவ்.யூகே தளத்தில் இருக்கும் 'அப்ளை ஃபார் டீச்சர் டிரெய்னிங்' சேவை. 2023 அக்டோபரில் விண்ணப்பம் திறந்த கையோடு கணக்கு தொடங்கினேன், 2024 செப்டம்பரில் இயற்பியல் ஆசிரியர் பயிற்சியில் (பி.ஜி.சி.இ.) சேர்ந்தேன், இப்போது ஒரு செகண்டரி பள்ளியில் பாடம் எடுக்கிறேன். கீழே வரும் தொகைகளும் விதிகளும் நான் சேர்ந்த வருடத்துக்கு உரியவை. வருடா வருடம் மாற்றுகிறார்கள், அதனால் பணம் சம்பந்தப்பட்ட எதையும் அந்தந்த வருடத்துப் பக்கத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த நாட்டில் நிரப்பிய அரசுப் படிவங்களிலேயே இதுதான் நல்ல படிவம். இலவசம், தெளிவான ஆங்கிலம், பாதியில் விட்டுவிட்டு மறுநாள் தொடரலாம். ஆனால் படிவம் இவ்வளவு லேசாக இருப்பதாலேயே நம்மில் பலர் இரண்டு ராத்திரியில் முடித்து அனுப்பிவிடுகிறார்கள், அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். படிவத்துக்கு இரண்டு ராத்திரி போதும். அதற்கு முந்தைய வேலைக்கு எனக்கு மூன்று மாதம் ஆனது, அந்த மூன்று மாதமும் வீண் போகவில்லை.

முன்பு இங்கிலாந்திலும் இதற்குப் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் உண்டு. 2022 சேர்க்கையிலிருந்து இங்கிலாந்துக்கு முழுக்க இந்த அரசுத் தளம்தான். வேல்ஸ், ஸ்காட்லாந்து என்றால் இன்னும் யூகாஸ்தான், வட அயர்லாந்தில் நேரடியாகக் கல்லூரிகளுக்கே விண்ணப்பிக்க வேண்டும். கார்டிஃபில் இருக்கும் ஒரு தோழி இது தெரியாமல் இந்தத் தளத்தில் ஊர் பெயரைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறாள், அதனால் சொல்கிறேன்.

சேவை இரண்டு பாதியாக இருக்கிறது. 'ஃபைண்ட்' என்ற பாதியில் கோர்ஸைத் தேட வேண்டும், அப்புறம் 'அப்ளை' பாதியில் விண்ணப்பிக்க வேண்டும். தேடும் பக்கத்தில் போஸ்ட்கோடு, பாடம், கட்டணம் கட்டிப் படிப்பதா சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பதா, க்யூ.டி.எஸ். மட்டுமா அல்லது பி.ஜி.சி.இ.யும் சேர்த்தா, விசா ஸ்பான்சர் செய்வார்களா என்று எல்லாவற்றையும் வைத்து வடிகட்டலாம். இந்த க்யூ.டி.எஸ்., பி.ஜி.சி.இ. குழப்பம் எல்லாருக்கும் வரும். இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் பாடம் எடுப்பதற்கான தகுதி க்யூ.டி.எஸ்.தான், பயிற்சியின் முடிவில் கிடைப்பது அது. பி.ஜி.சி.இ. அதோடு சேர்ந்து வரும் பல்கலைக்கழகப் படிப்பு, பெரும்பாலும் முதுகலைப் பட்டத்துக்கான 60 கிரெடிட் அதில் அடங்கும். இன்னொரு நாட்டுக்குப் போய் வேலை பார்க்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பி.ஜி.சி.இ.யும் சேர்ந்த கோர்ஸை எடுங்கள், வெளியே அந்தப் பெயர்தான் எல்லாருக்கும் தெரிகிறது.

பல்கலைக்கழகம் நடத்தும் கோர்ஸா, பள்ளிகள் கூடி நடத்தும் 'ஸ்கிட்' கோர்ஸா என்பது அடுத்த கேள்வி. எதில் சேர்ந்தாலும் வருடத்தின் பெரும்பகுதி பள்ளியில்தான் போகும், இரண்டு வேறு பள்ளிகளிலாவது வேலை செய்ய வேண்டும். பெயரைப் பார்த்துப் பெரிய பல்கலைக்கழகம் என்று ஓடுவதைவிட, அவர்கள் எந்தெந்தப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள், அங்கே காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர முடியுமா என்று பார்ப்பது முக்கியம் என்பேன். கார் ஓட்டாதவர்கள், சின்னப் பிள்ளைகளை பிரேக்ஃபாஸ்ட் கிளப்பில் விட்டுவிட்டு ஓட வேண்டியவர்கள் இதை முதல் கேள்வியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கோர்ஸ் பக்கத்தில் பள்ளிகளைப் பற்றிய பகுதியைக் கல்லூரிகளே எழுதுகின்றன, சிலர் விரிவாக எழுதுகிறார்கள், சிலர் நாலு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்த்த ஒரு கோர்ஸில் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான் பள்ளி இருக்கும் என்று எழுதியிருந்தது. நேர்காணலில் கேட்டபோது இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் கூட ஆகலாம் என்றார்கள். கேட்டிருக்காவிட்டால் அந்த இடத்தை ஒத்துக்கொண்டிருப்பேன், இரண்டாம் டெர்மில் விட்டுவிட்டு வந்தும் இருப்பேன். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, அப்ளை பட்டனை அழுத்துவதற்கு முன் கல்லூரிக்குப் போன் போட்டு இந்த ஒன்றைக் கேட்டுவிடுங்கள் என்பதுதான். போனில் அன்பாக, பொறுமையாகப் பதில் சொல்கிறார்களா என்பதும் அந்த வருடம் எப்படிப் போகும் என்பதை ஓரளவு காட்டிவிடும்.

சரி, இந்திய டிகிரி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தேவை என்ன என்றால், ஒரு இளநிலைப் பட்டம், அப்புறம் ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் ஜி.சி.எஸ்.இ. (இங்கே பிள்ளைகள் 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) கிரேடு 4 அல்லது அதற்கு நிகரானது. பிரைமரிக்கு அறிவியலிலும் வேண்டும். நாம் வெளிநாட்டில் படித்தவர்கள் என்பதால் யூகே ஈனிக் அமைப்பிலிருந்து ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், நம் பட்டமும் பள்ளிச் சான்றிதழ்களும் இங்கே எதற்குச் சமம் என்று அதில் எழுதித் தருவார்கள். இதற்குச் சுமார் அறுபது பவுண்டு ஆகும். ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம், ஆசிரியர் ஆக விரும்புபவர்களுக்கான அரசு சேவையான 'கெட் இன்டு டீச்சிங்' உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் இந்தச் சான்று ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்க வழி செய்வார்கள். நான் இது தெரியாமல் காசு கட்டிவிட்டேன். நீங்கள் கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

காசை விட நேரம்தான் பிரச்சனை. என் எம்.எஸ்ஸி. கான்வகேஷன் சான்றிதழ் சென்னையில் அம்மா வீட்டு பீரோவில் இருந்தது. அக்கா தேடி எடுத்து ஸ்கேன் செய்து அனுப்பினாள், பார்த்தால் ஒரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலைக் காணவில்லை. புதிதாக வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் காத்திருந்ததிலேயே ஏழு வாரம் போனது. அதனால் டீச்சர் ஆகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, முடிவு எடுக்காவிட்டாலும், ஊரிலிருந்து பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வரவழைத்து வைத்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால், இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால், அதற்கான கடிதத்தையும் சேர்த்தே தயார் செய்யுங்கள். ஈனிக் சான்று கையில் இருந்தாலும் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது ஒவ்வொரு கல்லூரியின் முடிவு. நான் விண்ணப்பித்த இடங்களில் ஒன்று என் பள்ளிச் சான்றிதழை அப்படியே ஏற்றுக்கொண்டது, இன்னொன்று ஆங்கிலத்துக்கு ஜி.சி.எஸ்.இ. நிகர் தேர்வு எழுதச் சொன்னது. தேர்வு எழுதச் சொன்னால் மனம் தளராதீர்கள், நம்மைத் தள்ளிவிடுவதற்காகச் சொல்வது கிடையாது, உள்ளூரில் ஜி.சி.எஸ்.இ. இல்லாதவர்களுக்கும் அதே தேர்வுதான்.

படிவத்தில் என்னைக் கவர்ந்த பகுதியும் பயமுறுத்திய பகுதியும் ஒன்றே, வேலை வரலாறு. நடுவில் இடைவெளி இருந்தால் படிவம் தானாகவே கண்டுபிடித்து, இத்தனை வருடம் இடைவெளி இருக்கிறது, விளக்குங்கள் என்று கேட்கும். எனக்கு எட்டு வருடம். திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டேன். மறுநாள் 'இரண்டு குழந்தைகளை வளர்த்தேன், அந்தக் காலத்தில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்தேன்' என்று இரண்டே வரி எழுதினேன். நேர்காணலில் அந்த இடைவெளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகள் பாதுகாப்பு விதிகளின்படி, பள்ளியில் வேலைக்கு வருபவர் எந்தக் காலத்தில் எங்கே இருந்தார் என்று தெரிய வேண்டும், அதனால்தான் கேட்கிறார்கள். வீட்டில் இருந்த பெண்கள் இந்த ஒரு கட்டத்தைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். சம்பளம் இல்லாத வேலைக்கு என்று தனிப் பகுதியே இருக்கிறது. தமிழ்ப் பள்ளி, கோயில் வகுப்பு, பிள்ளைகளின் பள்ளியில் வாசிப்புக்கு உதவியது எல்லாம் அங்கே வரலாம், வர வேண்டும்.

இனி பர்சனல் ஸ்டேட்மென்ட். எனக்கு ஆயிரம் வார்த்தை வரை இடம் இருந்தது. என் முதல் வரைவில் 'ஆசிரியப் பணி புனிதமானது', 'சிறு வயதிலிருந்தே என் கனவு' என்று இருநூறு வார்த்தை. அரசு தரும் பயிற்சி ஆலோசகர் ஒருவர் எனக்குக் கிடைத்தார், அதுவும் இலவசம்தான், முன்பு ஆசிரியராக இருந்தவர். அவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் சொல்லிக்கொடுத்து ஒரு பிள்ளைக்கு ஒன்று புரிந்ததை எனக்குச் சொல்ல முடியுமா? நான் யோசித்தேன். தமிழ்ப் பள்ளியில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி 'பழம்' என்பதை எப்போதும் 'பலம்' என்றே எழுதுவாள். எத்தனை தடவை திருத்தினாலும் அடுத்த வாரம் அதேதான். ஒரு நாள் திருத்துவதை நிறுத்திவிட்டு, இரண்டு சொல்லுக்கும் படம் வரையச் சொன்னேன். ஒரு பக்கம் மாம்பழம், இன்னொரு பக்கம் கையை மடக்கித் தசையைக் காட்டும் ஆள். அவளே சிரித்துவிட்டு, நான் இத்தனை நாளும் தசையைத் தின்றேன் என்றா எழுதினேன் என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சொல்லில் தவறு செய்யவில்லை, அதோடு வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கும் அதே போலப் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்தாள். இதை அப்படியே எழுதுங்கள் என்றார் அவர். இயற்பியல் பயிற்சிக்குத் தமிழ் எழுத்துக் கதையா என்று தயங்கினேன். பிள்ளை ஏன் தவறு செய்கிறது என்று நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், அதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். நேர்காணலில் முதல் கேள்வியே அந்தப் பழத்தைப் பற்றித்தான்.

பள்ளி அனுபவம் இல்லை என்று யாராவது சொன்னால், அதற்கும் 'கெட் ஸ்கூல் எக்ஸ்பீரியன்ஸ்' என்று அரசு சேவை இருக்கிறது, அருகில் உள்ள பள்ளியில் ஒன்றிரண்டு நாள் உட்கார்ந்து பார்க்கக் கேட்கலாம். நான் மூன்று பள்ளிகளுக்குக் கோரிக்கை அனுப்பினேன், ஒன்று சம்மதித்தது. அந்த இரண்டு நாள் பார்த்ததில்தான் பிரைமரி எனக்குச் சரிவராது, செகண்டரிதான் என்று தெளிந்தது.

விண்ணப்பம் அனுப்பும் முறையைப் பற்றி ஒரு கருத்து. ஒரே நேரத்தில் நான்கு விண்ணப்பம் வரை நடப்பில் வைத்திருக்கலாம். நான்கையும் முதல் நாளே அனுப்பாதீர்கள் என்பது என் எண்ணம். ஒரு விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு பர்சனல் ஸ்டேட்மென்ட்டைத் திருத்தினால், அந்தத் திருத்தம் இனிமேல் அனுப்பும் விண்ணப்பங்களில்தான் போகும், ஏற்கெனவே போனதில் மாறாது. அதனால் முதலில் இரண்டு அனுப்பி, ஒரு நேர்காணல் முடிந்ததும் கற்றுக்கொண்டதை வைத்து மெருகேற்றி அடுத்த இரண்டை அனுப்புவது நல்லது. ஆனால் பிரபலமான கோர்ஸ்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பிரைமரி முக்கியமாக, அதனால் முதல் இரண்டை அக்டோபர், நவம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பிய முதல் கல்லூரியிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. 30 வேலை நாட்கள் முடிந்ததும் தளம் அந்த விண்ணப்பத்தைச் செயலற்றது என்று மாற்றி, அதன் இடத்தில் இன்னொன்று அனுப்பலாம் என்று மின்னஞ்சல் அனுப்பியது. கல்லூரி பேசாமல் இருந்தாலும் தளம் நம்மை அப்படியே தொங்கவிடவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நேர்காணல் அரை நாள். ஒரு சின்ன எழுத்து வேலை, நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பேச்சு, பத்து நிமிடம் பாடம், அப்புறம் தனியாக நேர்காணல். எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மின்னோட்டத்தை விளக்குங்கள் என்பது எனக்குக் கிடைத்த பாடம். ஒரு நீளக் கயிற்றை வளையமாகக் கட்டி எல்லாரையும் லேசாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நான் ஒரு பக்கம் இழுத்து ஓட வைத்தேன். ஒருவர் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் அவர் கை சூடாகும், ஆனால் கயிறு குறையாது. பல்பில் மின்னோட்டம் தீர்ந்துபோகிறது என்று பிள்ளைகள் நினைப்பது உலகம் முழுக்க இருக்கும் தவறான எண்ணம், அதை உடைக்க இந்தக் கயிறு நல்ல வழி. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, இங்கே இயற்பியல் ஆசிரியர்கள் பரவலாகப் பயன்படுத்துவதுதான். நம் ஊரில் படித்த நமக்குச் சூத்திரமும் கணக்கும் நன்றாக வரும். எங்கே பிள்ளை தடுக்கி விழும் என்ற கேள்விக்கு மட்டும் தனியாகத் தயாராகப் போக வேண்டும், ஏனென்றால் நம்மை அப்படி யாரும் படிக்க வைக்கவில்லை.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, ஒரு ரகசியம் சொல்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? நம் மனம் உடனே சரி, சொல்ல மாட்டேன் என்றுதான் போகும். அப்படிச் சொல்லவே கூடாது. ரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்காமல், பொறுமையாகக் கேட்டு, துருவித் துருவிக் கேள்வி கேட்காமல், சொன்னதை அப்படியே எழுதி, அந்தப் பள்ளியின் சேஃப்கார்டிங் (பிள்ளைகள் பாதுகாப்பு) பொறுப்பாளரிடம் அன்றே சேர்க்க வேண்டும். என்னோடு அன்று வந்திருந்தவர்களில் நல்ல படிப்பாளி ஒருவர் இந்தக் கேள்வியில்தான் தடுமாறிவிட்டதாக வெளியே வந்து வருத்தப்பட்டார்.

பணம். நான் சேர்ந்த வருடம் கட்டணம் 9,250 பவுண்டு. இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்று, மூன்று வருடம் வசித்திருந்தால் ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் என்ற அரசுப் படிப்புக் கடன் கிடைக்கும். ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கு இன்னொரு பட்டத்துக்குக் கடன் பொதுவாகக் கிடைக்காது, ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கு விலக்கு உண்டு. எங்களுக்கு இது தெரியாமல் என் கணவர் ஒரு வருடமாகச் சேமிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இயற்பியல், வேதியியல், கணிதம், கம்ப்யூட்டிங் பாடங்களுக்கு அந்த வருடம் 28,000 பவுண்டு பர்சரி (அரசு உதவித்தொகை), வரி இல்லை, திருப்பிக் கட்டவும் வேண்டாம். ஆங்கிலத்துக்கு 10,000, வரலாற்றுக்கு ஒன்றும் இல்லை. பர்சரிக்குத் தனி விண்ணப்பம் கிடையாது, தகுதி இருந்தால் கல்லூரி வழியாகத் தானாக வரும். 30,000 பவுண்டு ஸ்காலர்ஷிப் வேறு, இயற்பியலுக்கு இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபிசிக்ஸ் நடத்துகிறது, அதற்குத் தனியாக விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். விசாவில் இருப்பவர்களுக்குக் கட்டணம் கூடுதல், அந்த வருடம் இயற்பியலும் மொழிப் பாடங்களும் மட்டும்தான் அவர்களுக்கும் பர்சரி தந்தன.

படித்துப் பல வருடம் ஆயிற்றே, பாடம் மறந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு, எஸ்.கே.இ. என்று ஒரு பாட அறிவுப் பயிற்சி உண்டு. 8 வாரம் முதல் 28 வாரம் வரை, இலவசம், வாரத்துக்கு 175 பவுண்டு உதவித்தொகையும் எனக்குக் கிடைத்தது. இதை நாமாகத் தேடிச் சேர முடியாது. இடம் தரும்போது கல்லூரி இதை நிபந்தனையாக வைத்தால்தான் சேரலாம். ஆகவே நேர்காணலிலேயே வெட்கப்படாமல் கேளுங்கள். நான் 12 வாரம் செய்தேன். ஒளியியலும் கதிரியக்கமும் திரும்ப வந்தது, ஆனால் அதைவிட இங்கே பிள்ளைகளுக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று காது பழகியதுதான் பெரிய லாபம்.

இடத்தை ஏற்றுக்கொண்டதும் மற்ற விண்ணப்பங்கள் தானாக விலகிவிடும், அதனால் ஏற்கும் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு நாள் யோசியுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் இரண்டு பேருக்கு ஏற்றுக்கொண்ட பிறகுதான் மின்னஞ்சல் போகும். ஊரில் இருக்கும் என் பேராசிரியருக்குப் போன அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் மூன்று வாரம் கிடந்தது. அவரிடம் நான் போனில் சொன்ன பிறகு அதே இரவு எழுதி அனுப்பிவிட்டார். உங்கள் சாருக்கும் முன்கூட்டியே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அப்புறம் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை, மருத்துவக் கேள்விப் பட்டியல், அசல் சான்றிதழ்களைக் காட்டுவது. ஒவ்வொன்றாக முடிய முடியக் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு காலை திறந்தபோது நிபந்தனைகள் எல்லாம் பூர்த்தி, இடம் உறுதி என்று இருந்தது. முதல் வேலையாகச் சென்னைக்குப் போன் போட்டு, பீரோவைக் குடைந்து சான்றிதழ் எடுத்துக்கொடுத்த அக்காவிடம் சொன்னேன்.